தலைமடையும் கடைமடையும்: கால்பந்து அணிகளின் ஊதிய வரம்பு குறித்துச் சில எண்ணங்கள்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரு கிளைகளாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரியாகவே தொடர்கின்றது. வடகிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறுகின்றது. இரண்டிற்கும் நடுவே அமைந்த தீவே திருவரங்கம். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. ஆதலின் தடுப்பார் இல்லையேல் நீரில் பெரும்பகுதி அப்பக்கமே ஓடிவிடும். தஞ்சை வயல்களுக்குச் செல்ல வேண்டிய காவிரி மணல் மேடிட்டுப் போகும். இதனை உணர்ந்தே 1830களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டுவித்தார். நீர் தானாகத் தாழ்வை நாடும். அதனைப் பங்கிட்டு அனுப்ப மனிதன் வகுத்த முறையே அணை.

பணத்தின் இயல்பும் இதுவே. தடுப்பார் இல்லையேல் அது ஏற்கெனவே பணம் உள்ள பக்கமே ஓடும். தொழில்முறை விளையாட்டில் இந்த ஓட்டத்தைத் தடுத்து நிறுத்தக் கட்டப்பட்ட அணைக்கு 'ஊதிய உச்சவரம்பு' என்று பெயர். ஓர் அணி தன் ஆட்டக்காரர் அனைவருக்குமாக ஒரு பருவத்தில் செலவிடத்தக்க மொத்த ஊதியம் இவ்வளவே என வரையறுப்பது அது.

தமிழ்த்துறை மலரில் கால்பந்து ஊதியத்திற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என ஆள் தேர்விற்கும் பணி ஒப்படைப்பிற்கும் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை வகுத்துள்ளார். அரசன் அமைச்சரைத் தேர்வதற்குச் சொன்னது, அணி மேலாளர் ஆட்டக்காரரைத் தேர்வதற்கும் பொருந்தும். அன்றியும், இப்பொருளை எழுத என்னைத் தூண்டியவர் நம் வகுப்பறையில் அமர்ந்து படித்த ஒரு மாணவர்.

மாணவர் கொணர்ந்த தாள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை, கொள்ளிடக் கரைச் சிற்றூரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் துறை அறைக்கு வந்தார். இடது ஓரத்தில் பந்தைக் கடத்திச் செல்வதில் வல்லவர். மண்டல ஆட்டங்களில் கல்லூரிக்குப் பெயர் தேடித் தந்தவர். அவர் கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட பதினொரு பக்க ஒப்பந்தம் இருந்தது. "ஐயா, இதில் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார். வெளியூர் அணி ஒன்று அவரை ஒரு பருவத்திற்கு அழைத்திருந்தது.

வணிகவியல் துறை நண்பர் ஒருவரின் துணையோடு அதனைப் படித்தேன். ஊதியத் தொகை முதற்பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது. எந்தத் தேதியில் கொடுக்கப்படும் என்பது எங்கும் தெளிவாக இல்லை. காயமுற்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஒரு வரி இருந்தது. அணி விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் அவரை விடுவிக்கலாம். அவர் விரும்பினால் விலக இயலாது. இவற்றை எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பின்னர், "வேறு வழி இல்லைங்க ஐயா, இந்த வாய்ப்பு திரும்ப வராது" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். அவர் கதையின் மீதியைப் பின்னர்ச் சொல்வேன். ஊதிய வரம்பு பற்றி நான் படிக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

வரம்பு எதற்காக?

நம் நாட்டில் இந்தியன் சூப்பர் லீக் 2014 அக்டோபரில் எட்டு அணிகளுடன் தொடங்கியது. அணிகளின் ஊதியச் செலவுக்கு அங்கே உச்சவரம்பு உண்டு. பல பருவங்களில் அது ரூ.16.5 கோடியாக இருந்தது. பெருஞ்செல்வர் நடத்தும் அணியும் நடுத்தர நிறுவனம் நடத்தும் அணியும் ஏறத்தாழ ஒரே பணப்பையோடு களமிறங்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தைக் காண எவரும் வாரார். போட்டி இருந்தால்தான் கூட்டம் வரும். கூட்டம் வந்தால்தான் வருவாய் வரும்.

இம்முறை அமெரிக்காவில் நன்கு வேரூன்றியது. அவர்கள் கால்பந்து என வழங்குவது கையாலும் ஆடப்படும் வேறோர் ஆட்டம். அதன் தேசிய லீக்கில் 1994இல் வரம்பு நடைமுறைக்கு வந்தபோது, ஓர் அணிக்கு 3 கோடியே 46 இலட்சம் டாலர் என்று வகுத்தனர். 2025இல் அது 27 கோடியே 92 இலட்சம் டாலராக வளர்ந்திருந்தது. வரம்பு என்பது என்றும் அசையாத கல் அன்று. லீக்கின் வருவாய் பெருகப் பெருக அதுவும் உயருமாறு அமைத்துள்ளனர்.

ஐரோப்பாவில் ஸ்பெயின் நாட்டு லீக் வேறொரு முறையைக் கைக்கொண்டது. ஒவ்வோர் அணியும் தன் வருவாய்க்கும் கடனுக்கும் ஏற்ற அளவே ஆட்டக்காரருக்குச் செலவிடலாம் என்பது அவ்விதி. 2021 ஆகஸ்டில் உலகம் வியந்த ஒரு நிகழ்ச்சி அதனால் நேர்ந்தது. பார்சிலோனா அணியில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்த லியோனல் மெஸ்ஸியை, அவர் இருக்க விரும்பியும் அணி வைத்துக்கொள்ள விரும்பியும், பதிவு செய்ய இயலவில்லை. அவர் பாரிசுக்குச் சென்றார். விதி கொடியது என்று பலர் வருந்தினர். ஆனால், முந்தைய ஆண்டுகளில் அளவு கடந்து எழுதிக் கொடுத்த ஒப்பந்தங்களின் சுமையே அன்று அவ்வணியை அழுத்தியது. வீட்டு வரவு செலவைப் பார்க்கும் எந்தத் தாய்க்கும் இது புதிய செய்தியன்று.

சமமான பணம், சமமற்ற தேர்வு

எல்லா அணிக்கும் ஒரே தொகை கொடுத்துவிட்டால் எல்லா அணியும் ஒரே வலிமை பெற்றுவிடுமோ? பெறா. இதற்குத் திருச்சி மக்கள் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. அது கால்பந்து அன்று, மட்டைப்பந்து. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் தொடங்கியது. 2021இல் திருச்சி அணி இறுதியாட்டம் வரை சென்று, சேப்பாக்கம் அணியிடம் எட்டே ஓட்டங்களில் கோப்பையை இழந்தது. 2023இல் முதன்முறையாக ஏலமுறை வந்தது. ஒவ்வோர் அணிக்கும் 70 இலட்சம் ரூபாய் வரம்பு. கோவை அணி சாய் சுதர்சன் ஒருவருக்கே 21 இலட்சத்து 60 ஆயிரம் கொடுத்தது. பையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓர் இளைஞருக்கே போயிற்று. திருச்சி அணி இந்திய அணிக்காக ஆடிய நடராஜனை அதனினும் மிகக் குறைந்த தொகைக்குப் பெற்றது. அவ்வாண்டுக் கோப்பை கோவைக்குச் சென்றது. திருச்சி கடைசி இடத்தில் நின்றது. பணப்பை ஒன்றே, தேர்வே வேறு.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரம்பு இருக்கும் இடத்தில் 'இவர் சிறந்தவரா?' என்ற கேள்வி போதாது. 'இந்த விலைக்கு இவர் சிறந்தவரா? இவருக்குக் கொடுத்த பின் மீதியுள்ள பணத்தில் ஏனையோரைப் பெற முடியுமா?' என்பதே கேள்வி. ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவரின் இடத்திலிருந்து எடுக்கப்படுகின்றது.

கணக்கை எளிமையாக்க ஒரு கற்பனை அணியை எடுத்துக்கொள்வோம். வரம்பு ரூ.16.5 கோடி. வெளிநாட்டார் அறுவர், உள்நாட்டார் இருபத்து நால்வர். வெளிநாட்டாருக்கு ஒன்பது கோடி போனால், மீதி ஏழரைக் கோடி. இருபத்து நால்வருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு முப்பத்தொரு இலட்சத்துக்குச் சற்று மேல். ஆனால், எவரும் சமமாகப் பங்கிடுவதில்லை. புகழ்பெற்ற ஐவருக்கு ஆளுக்கு ஒரு கோடி கொடுத்துவிட்டால், எஞ்சிய பத்தொன்பது பேருக்கும் சேர்த்து இரண்டரைக் கோடியே. சராசரி பதின்மூன்று இலட்சம். அதிலும் அனுபவமுடையோர் முன்னே எடுத்துக்கொள்ள, வரிசையின் கடைசியில் நிற்கும் பத்தொன்பது வயது இளைஞனுக்கு எவ்வளவு வரும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். தலைமடைக்காரர் வாய்க்கால் நிறைய எடுத்துக்கொண்ட பின் கடைமடைக்கு வரும் நீர் அது.

சென்னை கற்பித்த பாடம்

சென்னையின் எஃப்சி அணியின் வரலாறு இவ்வகையில் படிப்பினை நிறைந்தது. 2015இல் கோவா அணியை வென்று முதற்கோப்பையைப் பெற்றது. 2018 மார்ச் மாதம் பெங்களூரு மண்ணிலேயே பெங்களூரு அணியை 3-2 என வீழ்த்தி இரண்டாம் கோப்பையைக் கொணர்ந்தது. அடுத்த பருவத்தில் என்ன நிகழ்ந்தது? பதினெட்டு ஆட்டங்களில் ஒன்பது புள்ளிகளே பெற்று, பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது. பட்டம் வென்றவர்களில் பலர் அப்போதும் அணியில் இருந்தனர். ஆயின், நடுக்களத்தைக் காத்துவந்த சென்னை இளைஞர் தன்பால் கணேஷ் காயத்தால் ஆட இயலவில்லை. கோல் அடிப்பவரையே நாளிதழ் படம் பிடிக்கும். எதிரியின் பந்தைப் பறித்துப் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுப்பவனை எவரும் படம் பிடிப்பதில்லை. அவர் இல்லாத குறை அவர் இல்லாதபோதே தெரியும். தோல்விக்கு அஃதொன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். எனினும், அணியின் ஆழம் என்பது முதற் பதினொருவரிடம் மட்டும் இல்லை என்பதற்கு அப்பருவம் சான்று.

அடுத்த பருவத்தில் ஓவன் கோயில் என்ற பயிற்சியாளர் இடையில் வந்து அணியை இறுதியாட்டம் வரை இட்டுச்சென்றார். 2020 மார்ச்சில் கொல்கத்தா அணியிடம் சென்னை தோற்றது. அப்பருவத்தில் பதினைந்து கோல் அடித்து முன்னணியில் நின்ற வால்ஸ்கிஸ், பயிற்சியாளர் இருவருமே அடுத்த பருவத்தில் ஜம்ஷெட்பூருக்குச் சென்றுவிட்டனர். வென்றால் ஆட்டக்காரரின் விலை உயரும், வரம்போ உயராது. ஆகவே வெற்றியே அணியைக் கலைத்துவிடும். இதனை எதிர்பார்த்து, ஒருவர் புறப்படும் முன்னரே அவரிடத்தை நிரப்ப வல்ல இளைஞரை வளர்த்து வைப்பதே மேலாளரின் உண்மையான வேலை.

அமெரிக்க லீக்கிலும் இதே பாடந்தான். 2022இல் டென்வர் அணி ரசல் வில்சன் என்ற ஆட்டக்காரருக்கு இருபத்து நான்கு கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தத்தை எழுதிக் கொடுத்தது. இரண்டே ஆண்டுகளில் அவரை விடுவித்தது. ஆனால், அவர் பெயரில் எட்டரைக் கோடி டாலர் வரம்புக் கணக்கில் தங்கிவிட்டது. ஆள் போயும் கணக்குப் போகாத அத்தொகையை அங்கே 'செத்த பணம்' என்கின்றனர். அதே 2022இல், தேர்வு செய்யப்பட்ட 262 பேரில் கடைசியாக வந்தவர் பிராக் பர்டி. 2023 பருவத்தில் அவருக்குக் கிடைத்தது ஒன்பது இலட்சம் டாலருக்கும் குறைவு. அந்த லீக்கில் அது கடைநிலை ஊதியம். அவரே தம் சான் பிரான்சிஸ்கோ அணியை 2024 பிப்ரவரி இறுதியாட்டத்திற்கு அழைத்துச் சென்றார். கடைசியில் நின்றவரைக் கவனித்த அணி உயர்ந்தது. முன்னால் நின்றவரின் பெயரை மட்டும் கண்ட அணி வருந்தியது.

வரம்பின் மறுபக்கம்

இதுவரை சொன்னவற்றால் வரம்பு நன்றே எனத் தோன்றும். நன்றுதான், ஆனால் முழுமையன்று. வரம்பு யாருடைய நலத்திற்காக வகுக்கப்பட்டது என்று கேளாமல் அதனைப் புகழக்கூடாது.

இங்கிலாந்தில் 1901இல் கால்பந்து ஆட்டக்காரருக்கு உச்ச ஊதியம் வாரத்திற்கு நான்கு பவுண்டு என்று விதித்தனர். இஃது அணிக்கான வரம்பன்று. ஒவ்வோர் ஆளின் தலைக்கும் இட்ட வரம்பு. அறுபது ஆண்டுகள் அம்முறை நீடித்தது. 1961இலும் வாரத்திற்கு இருபது பவுண்டே உச்சம். அரங்குகளில் பல்லாயிரவர் நிரம்பி வழிந்தனர். நுழைவுக் கட்டணம் குவிந்தது. ஆனால், களத்தில் ஓடியவரோ ஆலைத் தொழிலாளியைப் போல வாழ்ந்து, முப்பத்தைந்து வயதில் வெறுங்கையோடு வீடு திரும்பினார். ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்த எச்சரிக்கை விடுத்த பின்னரே 1961இல் அவ்வரம்பு நீங்கியது. ஒப்பந்தம் முடிந்தும் ஆட்டக்காரரைப் பிடித்து வைக்கும் முறையை ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் எதிர்த்தார். 1963இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உரிமையாளரின் பெட்டிக்கு அணை கட்டாமல் உழைப்பவனின் பைக்கு மட்டும் கட்டிய அணை அது.

இதற்கு நேர்மாறாக, அமெரிக்க லீக்கில் உச்சவரம்போடு அடிவரம்பும் உண்டு. வரம்புத் தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கையேனும் அணிகள் செலவிட்டே ஆக வேண்டும். புதிதாகச் சேரும் கடைசி ஆட்டக்காரருக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. 2024இல் அது 7 இலட்சத்து 95 ஆயிரம் டாலர். இவற்றை உரிமையாளர் தாமாக ஈந்ததில்லை. ஆட்டக்காரர் சங்கம் மேசையின் எதிரே அமர்ந்து பேசிப் பெற்றது. மேலே ஒரு கரை, கீழே ஒரு தரை. இரண்டும் இருந்தால்தான் வாய்க்கால்.

தடையற்ற சந்தையே சிறந்தது, வரம்பே வேண்டா என்பாரும் உளர். திறமைக்கேற்ற கூலியைத் தடுப்பது அநீதி என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், கட்டுப்பாடற்ற செலவின் முடிவு என்ன என்பதையும் பார்க்க வேண்டும். கடன்பட்டு நட்சத்திரங்களை வாங்கும் அணி, கடன் முற்றும்போது முதலில் நிறுத்துவது நட்சத்திரத்தின் ஊதியத்தை அன்று. இளைஞர் பயிற்சிக் கூடத்தையும், பந்து பொறுக்கும் பையனின் கூலியையும், பெண்கள் அணியையுமே. ஆகவே வரம்பு வேண்டும். அது கடைமடையை எண்ணிய வரம்பாக இருத்தல் வேண்டும்.

கோவையின் கோப்பையும் 2025இன் அதிர்ச்சியும்

தமிழ் மண்ணில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் இக்கருத்தை எனக்கு உறுதிப்படுத்தின. கோவையைத் தாயகமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி, 2019 மார்ச் 9ஆம் நாள் ஐ-லீக் கோப்பையை வென்றது. நூற்றாண்டு கண்ட கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியை ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் பின்தள்ளிய வெற்றி அது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்ஸி இருபத்தொரு கோல் அடித்தார். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் தோளோடு தோள் நின்றனர். பெரிய பெயர்களை வாங்கும் வசதியற்ற அணி, அறியப்படாதவரைத் தேடிக் கண்டெடுத்தது. தெரிந்து தெளிதலுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டா.

ஆனால் அவ்வெற்றியின் விலை உடனே தெரிந்தது. மான்ஸி ஜப்பானுக்குச் சென்றார்; எட்வினும் ரொமாரியோவும் ஐ.எஸ்.எல். அணிகளுக்குச் சென்றனர். வளர்த்த கைக்குப் பயன் நிற்கவில்லை. 2020-21 பருவத்திற்குப் பின் ஐ-லீக்கில் அவ்வணியின் பெயரே இல்லை. கோப்பை வென்ற இரண்டே ஆண்டுகளில் ஓர் அணி மறைந்தது எனில், தேர்வுத் திறன் மட்டும் போதாது, அதனைத் தாங்கும் வருவாய்ப் பங்கீடும் வேண்டும் என்பது புலனாகும்.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் வருத்தந்தருவது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பிற்கும் லீக்கை நடத்திவந்த நிறுவனத்திற்கும் இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. அது புதுப்பிக்கப்படாத நிலையில், 2025 ஜூலையில் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு அணி முதல்நிலை ஆட்டக்காரர், பணியாளர் ஊதியத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. உச்சவரம்பு ஒழுங்காகவே இருந்தது; விதிநூலில் எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் மாத இறுதியில் வீட்டு வாடகை கட்ட வேண்டியவனுக்கு அந்த எண்கள் உதவவில்லை.

2018 ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் உடைந்து போனதை இவ்வூரார் மறந்திரார். அணை இருக்கின்றது என்ற நம்பிக்கையில் உறங்கியோருக்கு அன்று விழிப்பு வந்தது. அணையைக் கட்டுவது ஒரு நாள் வேலை. காப்பது நாள்தோறும் வேலை.

செய்யத் தக்கவை

எனக்குத் தோன்றியவற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். நிர்வாகம் பயில்வோரும் விளையாட்டுத் துறையாரும் இவற்றை எண்ணிப் பார்ப்பாராக.

முதலாவது, உச்சவரம்பு இருக்கும் லீக் எதிலும் கடைசி ஆட்டக்காரனுக்கான அடிவரம்பும் அதே விதியில் எழுதப்பட வேண்டும். இரண்டாவது, ஊதியம் தவறாது தரப்படும் என்பதற்கு ஈடாக, பருவம் தொடங்கும் முன்னரே ஒரு தொகையைப் பொதுவில் வைப்பாக வைக்கச் செய்ய வேண்டும். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது இக்கல்லூரியில் பயிலும் எவரும் அறிந்தது. விளையாட்டு வீரனின் வியர்வையும் வியர்வைதான். மூன்றாவது, தம் பயிற்சிக் கூடத்தில் வளர்த்த உள்ளூர் இளைஞரின் ஊதியத்தில் ஒரு பகுதியை வரம்புக் கணக்கில் சேர்க்காது விடலாம். அப்போது உள்ளூர்ப் பிள்ளையை வைத்துக்கொள்வது அணிக்கே இலாபமாகும்; நற்செயலை இலாபமாக்கினால் அது நிலைக்கும். நான்காவது, ஒப்பந்தம் ஆட்டக்காரர் அறிந்த மொழியிலும் தரப்பட வேண்டும். தாம் எதில் கையெழுத்திடுகிறோம் என்பதை அறியாத இளைஞரிடம் பெறும் ஒப்புதல் ஒப்புதலே அன்று.

கல்லூரிகளுக்கும் கடமை உண்டு. விளையாட்டு வீரருக்குச் சேர்க்கையில் இடம் தருகின்றோம். கோப்பை வென்றால் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகின்றோம். ஆனால், ஒப்பந்தத்தைப் படிக்கவோ, வங்கிக் கணக்கைப் பேணவோ, முப்பத்தைந்து வயதுக்குப் பின் என்ன செய்வது என்று எண்ணவோ நாம் கற்பிப்பதில்லை. அன்று அம்மாணவர் தாளோடு வந்தபோது நான் செய்தது சிறு உதவி. அது முறையான ஏற்பாடாக இருந்திருந்தால் அவர் வேறு விதமாக முடிவெடுத்திருக்கக்கூடும்.

அவர் கதையின் மீதியைச் சொல்வதாகக் கூறினேன். அணியில் சேர்ந்தார், ஒன்பது ஆட்டங்களில் களமிறங்கினார், இரண்டு கோல் அடித்தார். பருவத்தின் கடைசி மூன்று மாத ஊதியம் வரவில்லை. கேட்டபோது அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றனர். பின்னர்த் தொலைபேசியை எடுப்பாரும் இல்லை. ஊர் திரும்பி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசுப் பணியில் சேர்ந்தார். அதுவரை அவர் தந்தை எவரிடமும் மகனின் ஊதியத்தைப் பற்றிப் பேசியதில்லை.

இன்று ஞாயிறு காலைகளில் திருவரங்கத்திலிருந்து நான் நடைப்பயிற்சிக்குச் செல்லும் வழியில் அவரைக் காண்கின்றேன். கொள்ளிடக் கரையை ஒட்டிய திடலில் இருபது முப்பது சிறுவருக்குக் கட்டணம் இன்றிப் பந்தாட்டம் கற்பிக்கின்றார். சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரிக்கும்போது அவர் ஒரு முறையைக் கையாள்கின்றார். வல்ல இருவரை எதிரெதிர் அணியில் நிறுத்துவார். பின்னர், ஆளெடுப்பதை மிகச் சிறிய பையனிலிருந்து தொடங்கச் சொல்வார். "கடைசியில் எடுத்தால் அவனுக்கு இடமே கிடைக்காமல் போயிடும்ங்க ஐயா" என்றார் ஒரு நாள்.

உச்சவரம்பு பற்றி நான் படித்த அத்தனை செய்திகளும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. நாளை இம்மாணவர்களுள் ஒருவர் அணி ஒன்றின் மேலாளராகவோ, லீக்கின் விதிகளை வகுப்பவராகவோ அமரக்கூடும். அன்று அவர் கணக்கைக் கடைசிப் பெயரிலிருந்து தொடங்குவாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை நான் பெற்றவனாவேன்.